அழுத்தாத சுவிட்ச்

தூசின்னு சொல்லாதீங்கண்ணே. பஸ் ஜன்னல் ஷட்டர் இறக்கித்தான் இருக்கு. அழுங்க, பரவாயில்லை. நான் பாக்கலை. இல்ல, பாத்தேன். பாத்துட்டுப் பாக்கலைன்னு சொல்லக் கூடாது.

நீங்க கேக்குற கதை எனக்குத் தெரியும். உங்க போனை எட்டிப் பாக்கலை. இயர்போன்ல இருந்து சத்தம் கொஞ்சம் வெளிய வருது, அவ்வளவுதான். 'வீரா காத்திருக்கிறான்', ஏழாவது பாகம். பஸ் வந்து நின்னு, ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டுப் போச்சுல்ல, அந்த இடம். அங்கதான் எல்லாரும் அழுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, அந்தக் கதையை ரெக்கார்ட் பண்ணி விடுற கம்பெனியிலதான் நான் இருக்கேன். சென்னையில.

எழுதினது நான் இல்ல. எழுதினது கோதண்டம் சார். முன்னாடி டிவி சீரியலுக்கெல்லாம் எழுதினவர். என் வேலை சரிபாக்குறது. ரெக்கார்டிங்கைக் காதுல போட்டுக்கிட்டு, எழுதின பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு, வரி வரியா ஒத்துப் பாக்கணும். ஒரு வார்த்தை விட்டுப் போனாலும் நேரத்தோட குறிச்சு வைக்கணும். நல்ல வேலைதான். ஏசி ரூம். எங்க அப்பா சிமெண்ட் குடோன்ல மூட்டை தூக்குறவர், அவருக்கு நான் என்ன வேலை பாக்குறேன்னு விளங்க வைக்கவே மூணு மாசம் ஆச்சு. "கதை கேக்குறதுக்கு ஆள் வச்சிருக்காங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எங்க வீட்டுல டிகிரி முடிச்ச முதல் ஆள் நான். அதை முடிச்சுட்டு கதை கேக்கப் போயிருக்கேன்னா அவருக்கும் எப்படித்தான் விளங்கும்.

ரயில்வே கேட் போட்டுட்டாங்க போல. கூட்ஸ் வண்டின்னா இருபது நிமிஷம் ஆகும். உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா சொல்றேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு பேரை ஒரு ரூம்ல உக்கார வச்சு, வெளிய விடாத பாகத்தைப் போட்டுக் காட்டுவாங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சுவிட்ச். காலிங் பெல் சுவிட்ச் மாதிரி, வயரோட. கேக்கும்போது எங்க தொண்டை அடைக்குதோ அங்க அழுத்தணும். முன்னாடி இருக்குற ஸ்கிரீன்ல ஆறு கோடு ஓடும். அழுத்தினா கோடு மேல எழும்பும். கோடு எழும்பாத இடத்தைக் கோதண்டம் சார் திரும்ப எழுதணும். மூணு பேருக்குக் குறைஞ்சு எழும்பினா அந்தப் பாகம் வெளிய போகாது.

என் கோடு எழும்பினதே இல்ல.

நான் கேக்காம உக்காந்திருக்கேன்னு முதல்ல நினைச்சாங்க. அப்புறம் சுவிட்ச் ரிப்பேர்னு நினைச்சாங்க. ஷர்மிளா மேடம், அவங்கதான் எங்களுக்குத் தலைமை, ரெண்டு தடவை சுவிட்சை மாத்தச் சொன்னாங்க. மாத்தின சுவிட்சை அவங்களே அழுத்திப் பாத்தாங்க. எழும்புச்சு. என் கையில குடுத்தாங்க. படுத்துடுச்சு. "இளம்பரிதி, உனக்கு இதயம் இருக்காப்பா, இல்ல அங்கேயும் எக்செல் ஷீட்டா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

சும்மா அழுத்தியிருக்கலாம். பக்கத்து சீட் பொண்ணு எப்ப அழுத்துறாளோ அப்ப நானும் அழுத்தினா யாருக்குத் தெரியப் போகுது. ஆனா அது பொய்க் கணக்கு ஆயிடும்ல. என் கோட்டை நம்பி ஒருத்தர் கதையை மாத்துறார். அதனால அழுத்தலை. எனக்கு வேலை நிரந்தரம் ஆகலைண்ணே, இன்னும் தகுதி பாக்குற காலத்துலதான் இருக்கேன். தூக்கமே வராது. நாளைக்கு அழுத்திடலாம்னு நினைச்சுக்கிட்டே படுப்பேன். போய் உக்காந்தா விரல் போகாது.

இந்த நாய்க்கதை முதல்ல வந்தப்ப வேற மாதிரி இருந்துச்சு. வளத்தவர் பட்டாளத்துக்குப் போய் இறந்துடுவார். நாய் ஊர் எல்லையில பன்னிரண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாம நின்னு ஊளையிடும். மத்த அஞ்சு பேருக்கும் கோடு எழும்புச்சு. நான் சரிபாக்குறவன், அதனால குறிச்சு வச்சேன். சோறு தண்ணி இல்லாம பன்னிரண்டு வருஷம் எந்த உயிரும் இருக்காது. காத்திருக்குற நாய் நாள் முழுக்க நிக்காது, ஊளையும் விடாது. இப்படி நாலு பிழை.

கோதண்டம் சார் கோவப்படலை. நேரா என் மேசைக்கு வந்தார். "அப்ப என்னதான்யா பண்ணும்?"

"தூங்கும் சார். டீக்கடை பெஞ்சுக்கு அடியில. பஸ் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எந்திரிக்கும்."

"மணி பாக்கத் தெரியுமா அதுக்கு?"

"தெரியாது சார். ஆனா எந்திரிக்கும். ரோட்டுல அம்பது வண்டி போகும், திரும்பாது. அந்த ஒரு பஸ் வளைவுல வரும்போதே காது தூக்கும். நின்னதும் பின்படிக்கட்டைத்தான் பாக்கும். ஆள் எப்பவும் பின்னாடிதான் இறங்குவான்னு அதுக்குத் தெரியும்."

"ஆள் வரலைன்னா?"

"ஒண்ணும் பண்ணாது. பஸ் போற வரைக்கும் பாக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய் சோறு சாப்பிடும்."

"சாப்பிடுமா?"

"நல்லாவே சாப்பிடும் சார்."

அவர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டார். கடைசியா, "உன் நாயா?"ன்னார். ஆமாம்னேன். "இப்ப?"ன்னார். செத்துப் போச்சு சார்னேன். என் தோள்ல கை வச்சுட்டுப் போயிட்டார். அடுத்த வாரம் நீங்க கேக்குறீங்களே, அந்தக் கதை வந்துச்சு. ஸ்கூல் பையன், பஸ் ஸ்டாப், டீக்கடை பெஞ்சு, பின்படிக்கட்டு எல்லாம் இருந்துச்சு. சோறு மட்டும் மாத்திட்டார். கதையில வீரா பாதி சோத்தைத் தின்னுட்டு மீதியைப் பையனுக்குன்னு விட்டு வைக்கும். எங்க நாய் அப்படியெல்லாம் வைக்காது. தட்டையும் நக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

அப்புறம், கதையில அந்தப் பையன் காலேஜ்ல சேந்த வருஷம் ஒரு விபத்துல செத்துடுறான். அதனாலதான் பஸ்ல வர்றதில்ல. அதாவது, நான் செத்துட்டேன்.

அன்னைக்கு ஆறு பேர்ல அஞ்சு கோடும் ஒரே சமயத்துல எழும்புச்சு. ஷர்மிளா மேடம் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தவங்க, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. என் கோடு எப்பவும் போல.

எங்க நாய் பேரு வீரா இல்ல. கலெக்டர். சிரிக்கலாம்ணே, எல்லாரும் சிரிப்பாங்க. நான் பத்தாவது படிக்கும்போது குட்டியாத் தூக்கிட்டு வந்தது. "படிச்சு நீ ஆகுறியோ இல்லையோ, வீட்டுல ஒரு கலெக்டர் இருக்கட்டும்"னு அப்பா வச்ச பேரு. நான் பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் சாயங்காலம் அஞ்சு இருபது பஸ்ஸுக்குத் தினமும் வந்து நிக்கும். நான் இறங்கினா போதும், மேல விழுந்து, தரையில உருண்டு, சந்தோஷத்துல ஒண்ணுக்கு வேற போயிடும். கண்டக்டர் படியில நின்னு, "கலெக்டர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க"ம்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அப்புறம் திருச்சியில காலேஜ் கிடைச்சு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். நான் போனப்புறமும் அது ஸ்டாப்புக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த ரோட்டுல சிமெண்ட் பேக்டரி லாரி நிறைய ஓட ஆரம்பிச்ச நேரம். அப்பா பயந்துபோய் நாலு மணிக்கெல்லாம் கயித்துல கட்டிப் போட ஆரம்பிச்சார்.

பொங்கல் லீவுக்கு வந்தேன். கூட ஒரு நண்பன். கௌசிக்னு பேரு. அவன் திருச்சி டவுன்காரன், அவங்கப்பா பேங்க் மேனேஜர். கிராமத்துப் பொங்கல் பாக்கணும்னு ஆசைப்பட்டான். அவன் என்னோட பேசுறதே எனக்கு அப்பப் பெரிய விஷயம்ணே. ஹாஸ்டல் மெஸ்ல எந்தத் தட்டை எடுக்கணும்னுகூட அவனைப் பாத்துத்தான் எடுப்பேன். நான் தப்பா ஏதாவது பண்ணிடுவேனோ, பேசிடுவேனோன்னு எப்பவும் ஒரு பயம். ஆறு மாசமா ஒரு தப்பும் பண்ணாம ஓட்டியிருந்தேன்.

அஞ்சு இருபது பஸ்ல வர்றோம்னு அப்பாவுக்குக் காலையிலயே போன் பண்ணிட்டேன்.

இப்ப நாம போற இதே ரோடுதான். வரும்போது நினைச்சேன். நான் வர்ற அன்னைக்கு அப்பா கட்டிப் போட மாட்டார், ஸ்டாப்புல கலெக்டர் நிக்கும். விழுந்து உருளும். ஒண்ணுக்குப் போகும். கண்டக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார். கௌசிக் பாப்பான். அவன் சிரிப்பானோ மாட்டானோ, அதுகூட இல்ல. சிரிக்காம பாத்தான்னா? அதை நினைச்சு நினைச்சு வேர்த்துடுச்சு. எங்க ஸ்டாப்புக்கு முன்னாடி ரைஸ்மில்னு ஒரு ஸ்டாப். அரை கிலோமீட்டர் இருக்கும். "இங்கயே இறங்கிடலாம்டா, வாய்க்கா வழியா போனா அழகா இருக்கும்"னு சொல்லி இறங்கிட்டேன். முன்படிக்கட்டுல.

அவ்வளவுதான் நான் பண்ணினது.

வாய்க்கா கரையில நடந்தோம். கௌசிக் கொக்கெல்லாம் போட்டோ எடுத்தான். வீட்டுல உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கும்போது டீக்கடை ராசாத்தி அத்தை ஓடி வந்தாங்க. பஸ் வந்து நின்னுருக்கு. கலெக்டர் பின்படிக்கட்டுல எட்டிப் பாத்திருக்கு. யாரும் இறங்கலை. பஸ் கிளம்பினதும் என்னைக்கும் போல நிக்காம, பின்னாடியே ஓடியிருக்கு. நாங்க உக்காந்து வந்த வாசம் வந்திருக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லக் கூடாது. எதிர்ல லாரி.

அப்பா ஒரு சாக்கை எடுத்துக்கிட்டுத் தனியாப் போனார். நான் எந்திரிச்சேன். கௌசிக், "உங்க நாயாடா?"ன்னான்.

"தெரு நாய்டா. அப்பா சோறு வைப்பார்"னேன்.

திரும்ப உக்காந்துட்டேன்.

அப்பா வந்து கை கால் கழுவினார். கட்டின கயிறு முளைக்குச்சியிலயே கிடந்துச்சு. அதைச் சுருட்டிக் கூரை எரவாணத்துல சொருகிட்டு, "நான்தான்டா அவுத்து விட்டேன். நீ வர்றேன்னு சொன்னியேன்னு, 'போ, உன் ஆளு வர்றான்'னு அவுத்து விட்டேன். பஸ்ல நீ வரலையா?"ன்னார். நான், "பஸ்ஸை விட்டுட்டோம்பா, வேன்ல வந்தோம்"னேன். கௌசிக் என்னைப் பாத்தான். மறுநாள் பொங்கல் நல்லபடியா நடந்துச்சு. கௌசிக் நிறைய போட்டோ எடுத்தான்.

நாலு வருஷம் ஆச்சு. நான் அழலை. அழக் கூடாதுன்னு இல்ல, வரலை. சில பேர் உடம்பு அப்படி. சில பேருக்கு வேர்க்காதுல்ல, அந்த மாதிரி.

இதை ஏன் இப்பச் சொல்றேன்னா, வீரா கதை பெரிசா ஓடுச்சு. கேட்டவங்கள்லாம் எழுதிக் குவிச்சாங்க. எங்க நாய் போனப்ப இப்படித்தான் இருந்துச்சு, எங்க பூனை போனப்ப இப்படித்தான் இருந்துச்சுன்னு. ஒருத்தர் தன் நாயோட பழைய தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். தட்டு மட்டும். அதைச் சரிபாக்குற ஷீட்ல எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியாம அரை நாள் வச்சிருந்தேன்.

ஷர்மிளா மேடம் கூப்பிட்டாங்க. "கடைசிப் பாகத்துக்கு அப்புறம் நீ ரெண்டு நிமிஷம் பேசு. இது என் நாயோட கதைன்னு சொல்லு. உன் நிரந்தர ஆர்டரை நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்"னாங்க. நல்ல மனுஷி. நான் கஷ்டப்பட்ட வீட்டுப் பையன்னு அவங்களுக்கு ஒரு இது உண்டு.

எழுதினேன். உண்மையா எழுதினேன். ரைஸ்மில் ஸ்டாப், முன்படிக்கட்டு, தெரு நாய்னு சொன்னது, வேன். மைக் முன்னாடி உக்காந்து படிச்சேன், ஒரு பிழை இல்லாம. வெள்ளிக்கிழமை போட்டாங்க. நான் வழக்கமான சீட்ல, சுவிட்சோட.

ஒரு கோடு எழும்பலைண்ணே. ஆறும் தரையில படுத்துக் கிடந்துச்சு. பக்கத்து சீட் பொண்ணு, வெங்காய விளம்பரத்துக்கே அழுத்துறவ, சுவிட்சை மடியில வச்சுட்டா.

கோதண்டம் சார்தான் பேசினார். "எதுக்குத் தம்பி இது?"

மேடம், "இதைப் போட்டா அழுதவங்கள்லாம் நம்மளைத் திட்டுவாங்க. நீ வருத்தப்பட்டதா ஒரு வரிகூட இல்லையே இதுல. அழுதேன்னு ஒரு வரி சேத்துடு, போதும்"னாங்க.

"அழலை மேடம்"னேன்.

அந்த ரெண்டு நிமிஷம் வெளிய வரலை. ஆர்டரும் வரலை. இன்னும் மூணு மாசம் பாக்கலாம்னு மெயில் வந்துச்சு. அதுல தப்பில்ல. சுவிட்ச் அழுத்துறதும் வேலையில ஒரு பகுதிதான்.

நான் ஊருக்குப் போறது அதுக்காக இல்ல. முந்தாநாள் அப்பா போன் பண்ணினார். வேலை நேரத்துல பண்ணவே மாட்டார். குடோன்ல சாப்பாட்டு நேரத்துல யாரோ போன்ல வீரா கதையைப் போட்டிருக்காங்க. மூட்டைக்கு மேல சாஞ்சுக்கிட்டு இருபது பேர் கேட்டிருக்காங்க. அது எங்க கம்பெனிக் கதைன்னே அப்பாவுக்குத் தெரியாது.

"அந்தப் பையன் செத்துப் போயிடுறான்டா"ன்னார். "அந்த நாய் நம்ம கலெக்டர் மாதிரியே பின்படியைப் பாக்குது. எனக்கு மத்தியானத்துல இருந்து மனசே சரியில்ல. நீ நல்லாத்தானே இருக்க?"

நல்லாருக்கேன்பான்னேன்.

"அந்த நாய்க்காவது பையன் செத்ததால வர முடியலை. நம்ம கலெக்டரு நல்லா இருந்துச்சு. நான்ல அவுத்து விட்டு லாரிக்குக் குடுத்தேன். கயித்துல கை வைக்காம இருந்திருந்தா அது இருந்திருக்கும். நாலு வருஷமா அந்தக் கயித்தைத் தொடலைடா நான்."

நாலு வருஷம்ணே. நான் ஒரு தடவைகூட அப்படி யோசிக்கலை. அவர் மறந்திருப்பார்னு நினைச்சேன்.

ரைஸ்மில்லுல இறங்கினதைச் சொல்லத்தான் போறேன். பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன், இதோ. கோடு போட்டிருக்குற இடமெல்லாம் நிறுத்தணும், மூச்சு விட. ரெக்கார்டிங்குக்கு அப்படித்தான் குறிப்போம். சத்தமாப் படிச்சுப் பாத்தா ரெண்டு நிமிஷம் பத்து வினாடி வருது. சொன்னா அப்பாவுக்குப் பாரம் குறையும். ஆனா என்னைப் பத்தி அவர் வச்சிருக்கிற நினைப்பு போயிடும். அவர்கிட்ட வேற என்ன இருக்கு, நான் படிச்சேங்கிறதைத் தவிர. அதனால ரெண்டு நாளா—

இருங்க. அப்பாதான். ஒரு நிமிஷம்ணே.

அப்பா. ஆமா, பஸ்லதான். கேட்டுல நிக்குது. இல்லப்பா, லீவு இருந்துச்சு, அதான். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அப்பா, ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு நாங்க வேன்ல வரலைப்பா. அந்த அஞ்சு இருபது பஸ்லதான் வந்தோம். ரைஸ்மில்லுல இறங்கிட்டோம். நான்தான் இறங்கினேன். ஆமா, கலெக்டர் ஸ்டாப்புல நிக்கும்னு தெரியும். தெரிஞ்சுதான். நீங்க அவுத்து விட்டதால இல்லப்பா. நான் ஸ்டாப்புல இறங்கியிருந்தா அது பஸ் பின்னாடி ஓடியிருக்காது.

அப்பா?

ஆமாப்பா. ஆமா. தெரியலப்பா.

சரிப்பா.

வச்சுட்டார்.

பேப்பரைப் பாக்கவே இல்ல நான். நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தலை.

திட்டலைண்ணே. பின்னாடி மூட்டை விழுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் வந்தானே, அவனுக்காகவா?"ன்னார். ஆமாப்பான்னேன். "நம்ம நாய்னு அவன்கிட்டச் சொல்லலையா?"ன்னார். சொல்லலைங்கிறதுக்கும் ஆமான்னுதான் வந்துச்சு வாயில. அதுக்கப்புறம், "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"னு கேட்டார். தெரியலப்பான்னேன். "சரி, வா"ன்னு வச்சுட்டார்.

கோவமாக் கேக்கலை. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டார். கௌசிக் ரெண்டாவது வருஷமே வேற செக்‌ஷன் மாறிட்டான். அப்புறம் பேச்சு இல்ல, சண்டையும் இல்ல. என்கிட்ட அவன் நம்பர்கூட இல்ல. வீட்டுக்குப் போனதும் அப்பா திரும்பக் கேட்டார்னா சொல்லணும்ல. தெரியலைன்னு ரெண்டாவது தடவை சொல்லக் கூடாது. காலேஜ் குரூப் ஒண்ணு இருக்கு, அதுல கேட்டுப் பாக்குறேன்.

என்னன்னு தெரியலை, விரல் சரியா விழ மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் அடிச்சுத் தர்றீங்களாண்ணே? 'கௌசிக் இப்ப எங்க இருக்கான், யாருக்காவது தெரியுமா.' அவ்வளவுதான். எதுக்குக் கேக்குறேன்னு போட வேணாம்.